வழித்துணைக்கு ஒரு நிதி

(புங்குடுதீவு மடத்துவெளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம். பேச்சின் போக்கு மாறாமல், இடையில் வந்த சில விலகல்கள் மட்டும் குறைக்கப்பட்டுள்ளன.)



இந்தச் சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தபோது தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். பெண்கல்வி என்ற பெரிய தலைப்பை எடுத்து ஒரு மணித்தியாலம் பேசுவது எனக்குக் கடினமில்லை. ஆசிரியர்களுக்குக் கற்பித்தே வயது போனவள் நான். ஆனால் மடத்துவெளியில் வந்து நின்றால் இந்த ஊர்ப் பிள்ளையின் காலில் தைக்கிற முள்ளைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று பட்டது. சாதாரண தரம் எழுதிவிட்டோ, உயர்தரத்தில் புள்ளி போதாமலோ வீட்டில் நிற்கிற பெண்பிள்ளை ஒருத்தி. அவள் ஒரு தொழில் படிப்பதற்கு ஊரார் கொடுக்கும் உதவிப்பணம். அதைச் சம்பளம் வாங்காமல் நடத்துகிற தொண்டர்கள். இன்றைய பேச்சு இந்த மூன்றுக்குள்ளேயே நிற்கும்.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். தீவுப் பகுதிப் பிள்ளை ஒருத்திக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்பயிற்சி கிடைத்தது. கட்டணம் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொப்பி, உடுப்புக்கு என்று காசும் அனுப்பியிருந்தார். இரண்டாம் மாதத்தோடு பிள்ளை நின்றுவிட்டாள். அனுப்பியவருக்கு மனவருத்தம். 'எல்லாம் இலவசமாகக் கிடைத்தும் படிக்க விருப்பமில்லை' என்று முடிவு கட்டினார். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தாய் சொன்னது இவ்வளவுதான்: "காசு இல்லாமல் மறிக்கேல்லை ரீச்சர். பின்னேர பஸ் வராத நாளிலை பிள்ளை ஆற்றை வீட்டை போய் நிக்கும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காசு அனுப்பியவரிடமும் இருக்கவில்லை. இன்று நான் முன்வைக்கும் கருத்து அந்த முற்றத்தில் பிறந்தது. தீவகத்துப் பெண்பிள்ளைக்கு நாம் கொடுக்கும் தொழிற்கல்விப் புலமைப்பரிசில், படிப்புக் கட்டணத்துக்கான காசாக இருந்தால் அது வீண். அது வழித்துணைக்கான காசாக இருக்கவேண்டும். வீட்டுப் படலையில் தொடங்கி முதற் சம்பளம் கையில் வரும்வரை அவளோடு போகிற துணையைத்தான் நாம் திரட்டவேண்டும். தொண்டர்கள் மட்டுமே திரட்டக்கூடியதும் அதுதான். இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1

கதவு திறந்திருக்கிறது, பாதைதான் இல்லை.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயரோடு சேர்த்து அதை நாம் நினைக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை நகரத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோனது. 1981இல் மகாபொல நிதியம் வந்து, பல்கலைக்கழகம் போன ஏழைப் பிள்ளையின் மாதச் செலவில் ஒரு பங்கை ஏற்றது. நல்ல காரியங்கள். ஆனால் இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் பரிசு, பரீட்சையில் வென்ற பிள்ளைக்கே போனது. வெல்லாத பிள்ளை எங்கே போனாள் என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

வெல்லாதவர்களுக்காக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கான சட்டம் 1990இல் வந்தது. தொழிற் பயிற்சி அதிகார சபைக்கான சட்டம் 1995இல் வந்தது. பின்னர் தேசிய தொழிற் தகைமை என்ற ஏழு மட்ட ஒழுங்கு வந்தது. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஒரு பிள்ளை மூன்றாம் மட்டத்தில் தொடங்கி, இடையில் வேலை செய்து, மறுபடி வந்து ஏறலாம். பயிற்சி நிலையத்துக்கே போகாமல் கைப்பழக்கத்தில் தொழில் கற்றவர்கூடத் தன் திறமையைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வழி உண்டு. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறந்தது. சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் உயர்தர வகுப்பில் தொழிற்பாடம் படிக்கலாம் என்ற பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி 2017இல் தொடங்கியது. அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணமே கிடையாது.

இனி நம்முடைய பாதையைப் பாருங்கள். இங்கிருந்து யாழ்ப்பாணம் போக வாணர் தாம்போதி, பிறகு வேலணை, பிறகு பண்ணைப் பாலம். இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தாம்போதியில் சைக்கிள் உழக்கியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதுவும் தரைவழியுள்ள தீவின் கதை. நயினாதீவுப் பிள்ளை முதலில் படகேறிக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு, கடல் குழம்பாத நாளிலேயே ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். படகு நேரமும் வகுப்பு நேரமும் பொருந்தாது. அவள் நாளாந்தம் போய்வர முடியாது. விடுதி இல்லையென்றால் அவளுக்குப் படிப்பு இல்லை.

தூரத்தோடு பயமும் சேர்ந்திருக்கிறது. 2015 மே மாதத்தை இந்தத் தீவில் யாரும் மறக்கவில்லை. பாடசாலைக்கு வெளிக்கிட்ட ஒரு மாணவி கொல்லப்பட்டாள். அவள் பெயரை மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதை நான் விரும்புவதில்லை. அந்தக் குடும்பத்தின் துக்கம் நமது பேச்சுக்குப் பொருளாகக் கூடாது. 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கூடி விசாரித்து ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தார்கள். தீர்ப்பு வந்தது, தாய்மாரின் பயம் முடியவில்லை. மகளை வெளியே அனுப்பாத தாயைப் பழமைவாதி என்று சொல்வது எளிது. அவள் கணக்குப் போட்டுத்தான் மறிக்கிறாள். அந்தக் கணக்கை மாற்றவேண்டுமானால், அதில் இருக்கிற ஒவ்வொரு செலவையும் நாம் ஏற்கவேண்டும்: பஸ் காசு, படகுக் காசு, மத்தியானச் சாப்பாடு, நகரத்தில் நம்பிக்கையான வீட்டில் ஓர் அறை, ஒரு கைத்தொலைபேசி, பிந்தினால் அழைத்துவர ஓர் ஆள். 2022இல் நாடு கடனில் விழுந்தபோது பஸ் கட்டணம் மாதத்துக்கு மாதம் ஏறியதை நினைவில் வைத்திருங்கள். நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகை ஏறவில்லை. அந்த வருடம் நின்றுபோன பிள்ளைகள் எல்லாரும் படிப்பில் விருப்பம் இல்லாதவர்களா?

2

இந்த ஊருக்கு வழித்துணை புதிதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு நாம் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறோம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல விடுங்கள். புங்குடுதீவார் இலங்கை முழுதும் கடை வைத்தவர்கள். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் நம்மவர் கடை இருந்தது. அந்தக் கடைகளுக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள்? சோதினையில் தவறிய பெடியனை அம்மானோ ஒன்றுவிட்ட அண்ணனோ ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். கடைக்குப் பின்னால் படுக்கை. சாப்பாடு கடையிலே. முதல் வருடம் கூட்டித் துடைத்தல், பிறகு நிறுவை, பிறகு கல்லாப்பெட்டி. சிங்களமும் கணக்கும் பழக்கமும் அங்கேயே கிடைத்தன. சில வருடங்களில் அவனுக்கென்று தனிக்கடை போட முதலாளியே கைகொடுப்பார். அவன் திரும்ப ஊருக்கு வந்து அடுத்த பெடியனைக் கூட்டிப் போவான். 1958, 1977, 1983 என்று வந்த கலவரங்களில் அந்தக் கடைகள் எரிந்தன. எரிந்த இடத்திலேயே மறுபடி போட்டவர்களும் உண்டு.

அது ஒரு தொழிற்கல்விப் புலமைப்பரிசில். யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவம் இல்லை, பரிசளிப்பு விழா இல்லை. ஆனால் இன்று உலகத்துத் தொழிற்கல்வி அறிஞர்கள் சிறந்த பயிற்சிக்கு என்னென்ன வேண்டும் என்கிறார்களோ அதெல்லாம் அதில் இருந்தது. தங்குமிடம் இருந்தது, கற்பிக்கும் ஆள் இருந்தார், வேலை செய்தபடியே கற்கும் இடம் இருந்தது, முடிவில் ஒரு முதலும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் நம்பி அனுப்பக்கூடிய ஓர் உறவு இருந்தது.

அந்த ரயிலில் பெண்பிள்ளை ஏறவில்லை. அவளுக்கு நாம் சேர்த்தது சீதனம். அண்ணன்மார் கடையில் நின்று உழைத்ததில் பெரும்பங்கு தங்கச்சிமாரின் சீதனத்துக்கே போனது. எத்தனையோ வீடுகளில் அண்ணன் முப்பத்தைந்து, நாற்பது வயதுவரை கலியாணம் கட்டாமல் நின்றார். அந்தத் தியாகத்தைக் குறைத்துச் சொல்லும் உரிமை எனக்கில்லை. என் படிப்பும் ஓர் அண்ணனின் கடையிலிருந்து வந்ததுதான். கேட்க விரும்புவது வேறு: அதே ஊர், அதே ஒழுங்கு, அதே அக்கறை. அதைத் தங்கச்சியின் தொழிலுக்காகத் திருப்ப ஏன் முடியாது?

3

பெண்களுக்காக இதைச் செய்து காட்டியவர்கள் முன்பும் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் முதலில் தேடியது ஒரு வீட்டையோ ஒரு துணையையோதான்.

உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்ணைப் படிப்பித்து என்ன காணப்போகிறோம் என்று பெற்றோர் கேட்ட காலம். பிள்ளைகளுக்கு அங்கேயே தங்குமிடமும் உணவும் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. படிப்பை முடித்து மணமாகிப் போகிறவளுக்குச் சீதனம் கொடுக்கும் ஏற்பாடும் வைத்திருந்தார்கள். மதம் மாற்றும் நோக்கம் அதில் இருந்தது என்பது எல்லாரும் அறிந்தது. அதற்கான சைவ மறுமொழியாக 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென ஒரு கல்லூரியைக் கட்டினார். நான் கவனிக்கச் சொல்வது, பெற்றோர் மனதில் ஓடிய கணக்கை அந்த மிஷனரிமார் அறிந்திருந்தார்கள் என்பதை.

சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். தந்தையின் துணையால் படித்து 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே, தன்னைப்போல இளம் வயதில் கைம்பெண்ணான பிள்ளைகள் தங்கிப் படிக்க எழும்பூரில் ஓர் இல்லத்தை நான்கு பேரோடு தொடங்கினார். பின்னர் அது கடற்கரையிலிருக்கும் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. 1897இல் விவேகானந்தர் தங்கியிருந்த அதே கட்டடம். அந்தக் காலத்தில் மாகாண அரசுக்குப் பெண் ஆசிரியைகள் வேண்டியிருந்தார்கள், பயிற்சிக்குப் பணமும் இருந்தது. வீட்டில் மூலைக்குள் இருந்த பெண்ணைப் பயிற்சிக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர ஆள்தான் இல்லை. தாய் தகப்பன் நம்பக்கூடிய ஒரு பெண், அவர்களின் ஆசாரத்துக்கும் இடம் கொடுத்து, கூடவே தங்கினார். அதனால்தான் பிள்ளைகள் வந்தார்கள்.

மூன்றாமவர் நம் நாட்டோடு சேர்ந்தவர். கனடாவில் பிறந்த மருத்துவர் மேரி ரட்ணம், இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து கொழும்பில் வாழ்ந்தவர். 1930இல் லங்கா மகிள சமிதியை ஆரம்பித்தார். கனடாவின் ஒன்ராறியோவில் 1897இல் விவசாயக் குடும்பப் பெண்கள் தொடங்கிய மாதர் சங்கங்களே அவருக்கு முன்மாதிரி. கிராமத்துப் பெண்களே கூடி, சம்பளமில்லாமல், ஒருவருக்கொருவர் சுகாதாரமும் கைத்தொழிலும் கற்பிக்கும் அமைப்பு அது. 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இன்று அதே ஒன்ராறியோவில், ரொறன்ரோவில், நமது ஊர்ச் சங்கங்கள் கூட்டம் வைத்துக் காசு சேர்த்து இங்கே அனுப்புகின்றன. மேரி ரட்ணம் அங்கிருந்து இங்கே கொண்டுவந்தது காசை அல்ல என்பதை அந்தச் சங்கத்தவர்களுக்கு நான் மரியாதையோடு ஞாபகப்படுத்துகிறேன். பெண்கள் மாதம் ஒருமுறை கூடி உட்காரும் பழக்கத்தை அவர் கொண்டுவந்தார்.

4

தொழிலை யார் தெரிவுசெய்வது?

காசு கொடுப்பவர் தெரிவுசெய்யக்கூடாது. தையல் இயந்திரம் வழங்கும் படங்களை எத்தனை பார்த்துவிட்டோம். தையல் நல்ல தொழில். ஆனால் ஒரே குறிச்சியில் பத்து வீட்டுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது? பல வீடுகளில் அந்த இயந்திரத்தின் மேல் துணி போர்த்தி, சாமிப்படம் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

சுற்றிப் பார்த்தால் வேறு தொழில்கள் தெரியும். வயோதிபர் அதிகம் உள்ள தீவு இது. பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் தனியே. பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவருக்கு இங்கே நாளைக்கே வேலை உண்டு. இறால், நண்டு, கருவாடு என்று கடற்பொருளைச் சுத்தமாகப் பதனிட்டு அடைக்கும் தொழில் உண்டு. படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஒரு பெண் ஏன் படிக்கக்கூடாது? பனை சார்ந்த கைப்பணிக்கு 1978இலிருந்து ஒரு சபையே இருக்கிறது, வடிவமைப்பும் விற்பனையும் தெரிந்த இளம்பிள்ளைகள்தான் குறைவு.

இன்னொன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு, இந்திய அரசின் நன்கொடையோடு, 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. அப்படியான ஒன்றை அமைத்தவர்கள் ஒருநாள் போய்விடுவார்கள். பிறகு அதைப் பார்ப்பது யார்? இராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972இல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சூரியமின் தொழில்நுட்பத்துக்குப் பழக்கினார்கள். அதிலும் நடுவயதுப் பெண்களை, பேரப்பிள்ளை கண்டவர்களைத் தேடி எடுத்தார்கள். இளைஞனிடம் சான்றிதழைக் கொடுத்தால் அவன் அதைக் கொண்டு நகரத்துக்குப் போய்விடுகிறான், இந்தப் பெண்கள் ஊரிலேயே நிற்பார்கள் என்பது அவர்கள் கண்ட அனுபவம். நம் பிள்ளை ஊரில்தான் நிற்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனாலும் கையில் தகைமையோடு போகட்டும். ஊரில் நிற்க விரும்புகிறவளுக்கு ஊரின் தேவையோடு பொருந்திய தொழில் ஒன்று இருக்கட்டும்.

தெரிவு அவளுடையது. ஆனால் அவளுக்குத் தெரிந்த தொழில்கள் மூன்று நான்குதான். ஆகவே முதற் செலவு, பிள்ளைகளை ஒரு வானில் ஏற்றி, தாய்மாரையும் கூட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் உள்ள பயிற்சிக்கூடங்களை ஒருநாள் சுற்றிக்காட்டுவதற்கு. நாங்கள் ஒருமுறை அப்படிப் போனோம். குளிரூட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் ஒரு பெண்பிள்ளை நிற்பதைக் கண்ட தாய் ஒருவர், அவளுடைய ஊர், தகப்பன், பஸ் எல்லாம் விசாரித்தார். திரும்பிவரும் வழியில் மகளிடம், "உனக்கும் ஏலும்" என்றார். எந்தப் பிரசங்கத்தாலும் அந்தச் சொல்லை அந்தத் தாயிடமிருந்து நான் வாங்கியிருக்க முடியாது.

5

பிள்ளையை யார் தெரிவுசெய்வது? இந்த இடத்தில்தான் நல்ல மனிதர்களும் தவறுகிறார்கள்.

இந்த மண்ணில் மு. தளையசிங்கம் வாழ்ந்தார். எழுத்தாளர், ஆசிரியர். சாதியின் பெயரால் மறுக்கப்பட்டவர்களும் குடிநீர்க் கிணற்றில் அள்ளவேண்டும் என்று 1971இல் இங்கே போராடி, பொலிஸாரிடம் அடிவாங்கி, 1973இல் முப்பத்தெட்டு வயதில் இறந்தார். அவரை நாம் விழா மலர்களில் புகழ்ந்தால் போதாது. புலமைப்பரிசில் தெரிவுக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எந்தக் குறிச்சிப் பிள்ளைகளின் காதுக்கு அறிவித்தல் போகவே இல்லை என்று பார்க்கவேண்டும். கோயில் வாசலில் மட்டும் ஒட்டிய அறிவித்தல் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு மட்டுமே. சங்கக்கடை, பவுசர் தண்ணீர் வந்து நிற்கும் சந்தி, மீன்வாடி, முன்பள்ளி, மருந்தகம் எல்லா இடமும் போகவேண்டும். குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கவேண்டும். அதில் ஒருவராவது, தானே இப்படியொரு உதவியில் படித்து வேலைசெய்கிறவராக இருக்கவேண்டும்.

புள்ளியைப் பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள். கணிதத்தில் தவறியவள், இடையில் நின்றவள், கலியாணம் கட்டிப் பிள்ளையோடு தனியே நிற்பவள், இவர்களுக்காகத்தான் இந்த நிதி. கெட்டிக்காரிக்கு வேறு கதவுகள் உண்டு.

பிள்ளையை மேடையில் ஏற்றி, காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். படம் பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் போய், ஒரு மணித்தியாலத்தில் இதே ஊருக்குத் திரும்பிவருகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை 'உதவி வாங்கினவள்' என்ற பெயரோடு பஸ்ஸில் ஏறவேண்டியிருக்கிறது. கொடுத்தவருக்குக் கணக்கு வேண்டும், அது நியாயம். செலவுச் சீட்டை அனுப்புங்கள். பிள்ளையின் முகத்தை அனுப்பவேண்டாம்.

6

கொடுப்பது கடனாக இருக்கக்கூடாது, முதற் சம்பளத்துக்கு முன் நிற்கவும் கூடாது.

திருப்பிக் கட்டவேண்டும் என்று விதித்தால் பொறுப்பு வரும் என்று சிலர் வாதிக்கிறார்கள். போருக்குப் பின் வடக்கில் நுண்கடன் என்ன செய்தது என்பதைப் பெண்களைக் கேளுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், வாரம்தோறும் படலையில் வந்து நிற்கிற வசூலாளர். கடைசியில் 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசே ஏற்கவேண்டி வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு படிப்பையும் கடனாக்குவது அநியாயம்.

தொழில் தகைமை ஏன் சீதனத்தைவிட மேல் என்று காட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுத்து நடைமுறைக்கு வந்த சட்டம் அது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. சீதனம் பெண்ணின் பெயரில் இருக்கும் என்று நாம் பெருமை பேசுவோம். ஆனால் மணமானபின் அந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் போனவராக இருந்தால், விட்டுப்போனவராக இருந்தால், அவள் பெயரில் உள்ள காணியாலேயே அவளுக்குப் பயனில்லாத நிலை வருகிறது. நீதிமன்றம் போய்த்தான் அனுமதி வாங்கவேண்டும். தொழில் தகைமைக்கு ஒருவருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. இடம்பெயரும்போது அதைத் தலையில் சுமக்கவும் தேவையில்லை. 1991இல் இந்தத் தீவை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது வீடும் வளவும் கிணறும் இங்கேயே நின்றன. தொழில் தெரிந்தவர்கள் போன இடத்தில் இரண்டு கிழமையில் வேலை தொடங்கினார்கள். என் வீட்டாரில் யார் அப்போது எழும்பி நின்றார்கள், யார் முடங்கினார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சான்றிதழ் கிடைத்த நாளில் நமது வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள், ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். படித்த பெண்கள் நாட்டில் குறைவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் உள்ள ஆறு மாதத்தில்தான் அவர்கள் காணாமல் போகிறார்கள். நேர்முகத்துக்குப் போக உடுப்பு, கருவிப்பெட்டி, முதல் மாதச் சம்பளம் வரும்வரை பஸ் காசு, வேலையிடத்தில் முதலாளி எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்ல ஒரு மூத்த பெண். இவற்றுக்குப் பெரிய தொகை தேவைப்படாது. ஆனால் ஒரே ஆள் பன்னிரண்டு பதினெட்டு மாதம் தொடர்ந்து கவனிக்கவேண்டும். ஒரு தொண்டர் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஏற்கக்கூடாது என்பது என் அனுபவம். ஐம்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்று மலரில் போடுவதைவிட ஐந்து பேரை வேலையில் சேர்த்தோம் என்று சொல்வது எனக்கு மேல். தொண்டர்களும் களைப்பார்கள். கிழமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, மாதத்துக்கு ஒரு வீட்டுச் சந்திப்பு, எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்குப் புத்தகம். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம்.

அன்பானவர்களே, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தங்கள் நிதியில் ஒரு பங்கைப் பெண்பிள்ளைகளின் தொழிற்கல்விக்கு ஒதுக்க எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். மகிழ்ச்சி. அந்தக் காசு போதும். நான் இன்று காசு கேட்க வரவில்லை. போரில் இடம்பெயர்ந்து போன நம் ஊரார் பலருக்கு இன்று யாழ்ப்பாண நகரத்திலும் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் வீடு இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாடு போய், பூட்டிக் கிடக்கும் அறைகள் அந்த வீடுகளில் இருக்கின்றன. பின்னேர பஸ் வராத நாளில் ஆற்றை வீட்டை போய் நிற்கும் என்று அந்தத் தாய் கேட்டார். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு தீவுப் பிள்ளை தங்க ஓர் அறை தரக்கூடியவர்கள், போகும்போது உங்கள் பெயரையும் விலாசத்தையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.